மார்புப் பட்டை அணிந்த நடுவர்

இரண்டாயிரத்துப் பதினேழாம் ஆண்டு, மழை ஓய்ந்து குளிர் தொடங்கிய வாரத்தில் அவரை முதன்முதலாகக் கண்டேன். என் அறையின் சன்னல் உடைந்திருந்தது; கண்ணாடிக் கடையிலிருந்து அவரை அனுப்பியிருந்தார்கள். சட்டத்தில் புதுக் கண்ணாடியைப் பொருத்திக்கொண்டிருந்தவர், திடீரென்று எதிரேயிருந்த மைதானத்தை நோக்கி, "கையில பட்டுச்சு! கையில பட்டுச்சு!" என்று கத்தினார். நான் பதறிப்போய்ப் பஞ்சை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

"எனக்கு இல்லைங்கம்மா. அங்க, அந்த நீலச் சட்டைக்காரன் கையில. நடுவர் பாக்காம எங்கயோ பராக்குப் பாத்துட்டு நிக்கிறாரு."

அவருடைய ஒரே மகள் என்னிடம் படித்தவள் என்பது பேச்சுவாக்கில் தெரிந்தது. அன்றிலிருந்து நான் அவருக்கு 'டீச்சர்' ஆனேன்.

வார நாள்களில் கண்ணாடி அறுப்பதும் விடுமுறை நாள்களில் கால்பந்து ஆட்டங்களுக்கு நடுவராக நிற்பதும் அவர் வாழ்க்கை. எவரும் அவரைப் பெயர் சொல்லி அழைத்து நான் கேட்டதில்லை. விசில் என்றால்தான் தெரியும்.

"ஏன் விசில், கடை நிறையக் கண்ணாடி வெச்சிருக்கீங்க, ஒண்ணு எடுத்துக் கண்ணுல மாட்டக் கூடாதா?" என்று ஆட்டக்காரர்கள் சீண்டுவார்கள்.

"மாட்டினா நீ போடுற ஃபவுல் எல்லாம் தெரிஞ்சிடும்டா. அப்புறம் நீ வீட்டுலதான் உக்காரணும்."

அந்த மைதானத்தில் மட்டும் அவர் குரல் ஓங்கி ஒலிக்கும். கடையில் முதலாளிக்கும் வீட்டில் தையற்காரியான மனைவிக்கும் அவர் மறுபேச்சுப் பேசியதே இல்லை.

நடுவர் சங்கம் ஆண்டுதோறும் ஓட்டத் தேர்வொன்று நடத்தும். குறித்த நேரத்துக்குள் சுற்றுகளை முடிக்காதவர் அவ்வாண்டு களத்தில் இறங்க முடியாது. நாற்பத்தாறு வயதில் அவர் முதன்முறையாகத் தவறினார். ஓர் ஆண்டு முழுவதும் எல்லைக் கோட்டுக்கு வெளியே, மற்றவர்களின் தண்ணீர்ப் புட்டிகளுக்குக் காவலாக அமர்ந்திருந்தார். இன்னொரு முறை தவறினால் பெயரையே நீக்கிவிடுவதாகச் சங்கச் செயலர் சொல்லியிருந்தார்.

வெளியூரில் உடற்பயிற்சி நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்த மகள், இதயத் துடிப்பை அளக்கும் மார்புப் பட்டையொன்றும் அதனுடன் இணைந்த கடிகாரமும் வாங்கிவந்தாள். துடிப்பு நூற்று நாற்பதுக்கும் நூற்றைம்பதுக்கும் இடையில் இருக்கவேண்டும் என்று அமைத்துக் கொடுத்தாள். எல்லையை மீறினால் கடிகாரம் விட்டு விட்டு ஒலிக்கும். வேகத்தைக் குறைக்க வேண்டும். எல்லைக்குக் கீழே இறங்கினால் நீளமாக ஒலிக்கும். வேகத்தைக் கூட்ட வேண்டும்.

முதல் மாதங்களில் நாலடி ஓடினாலே அது விட்டு விட்டு ஒலித்தது. அவர் ஏறத்தாழ நடந்தே மைதானத்தைச் சுற்றினார். காலை நடைக்கு வரும் நானே அவரை முந்திச் சென்றிருக்கிறேன். "டீச்சர் ஓவர்டேக் பண்றாங்க, வழி விடு விசில்!" என்று ஒரு கூட்டமே கைதட்டியது. அவர் அசைந்து கொடுக்கவில்லை. மெல்ல மெல்ல, அதே துடிப்பில் அவர் கால்கள் விரைந்தன. அடுத்த தேர்வில் இளைஞர்களுக்கு நடுவே முடித்துவிட்டு வந்தார். அதன்பின் கடிகாரம் சொன்னதே அவருக்கு வேதவாக்காயிற்று.

மறு ஆண்டு, பெரிய கண்ணாடித் தகடொன்றைத் தூக்கும்போது அவருக்குத் தலை சுற்றியது. தெருமுனை மருத்துவர் இரத்த அழுத்தம் என்று சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்தார். தாம் ஓடுவதை இவர் அவரிடம் சொல்லவில்லை. மாத்திரை உண்பதை மனைவியிடமும் மகளிடமும் சொல்லவில்லை. செய்தி சங்கத்தின் காதுக்கு எட்டினால் மீண்டும் தண்ணீர்ப் புட்டிகளுக்கு நடுவே உட்கார வேண்டுமே என்னும் அச்சம். மாத்திரைகளைக் கடையிலேயே வைத்து விழுங்கினார்.

அது இதயத் துடிப்பை அடக்கிவைக்கும் மாத்திரை. எவ்வளவு முயன்று ஓடினாலும் எண் ஏறாது. அவர் அதை அறியவில்லை.

"பாத்தீங்களா டீச்சர், நூத்தி இருபதத் தாண்ட மாட்டேங்குது! மனசு மட்டுமில்ல, இதயமும் வாலிபமாயிடுச்சு."

"உங்க முகத்தைப் பாத்தா அப்படித் தெரியலையே. உதடெல்லாம் வெளுத்துக் கிடக்கு. கொஞ்சம் உக்காருங்க."

"முகத்துக்கு என்ன தெரியும் டீச்சர்? கடிகாரம் நீளமாக் கத்துது கேக்கலையா? இன்னும் ஓடுன்னு அர்த்தம்."

அன்று மகளைத் தொலைபேசியில் அழைத்து எண்ணைப் படித்துக் காட்டினார். அருகில் நின்ற எனக்கும் அவள் மகிழ்ச்சி கேட்டது. "சூப்பர்ப்பா! அப்போ இன்னும் கொஞ்சம் வேகத்தக் கூட்டுங்க."

அவர் கூட்டினார்.

தேர்வுக்கு முந்திய வாரம், மைதானத்தின் வளைவில் முழங்கால் மடங்கி முகங்குப்புற விழுந்தார். நான் போய்ச் சேர்வதற்குள் இருவர் அவரைப் புரட்டிப் போட்டிருந்தனர். வாயில் மண் அப்பியிருந்தது. வேகம் போதாது, வேகம் போதாது என்று கடிகாரம் நீளமாக ஒலித்துக்கொண்டேயிருந்தது. அதை நிறுத்தும் விதம் எங்களில் எவருக்கும் தெரியவில்லை.

இதயத் தசையில் பெரும்பகுதி செத்துவிட்டது என்றார் மருத்துவமனையில் இருந்த பெண் மருத்துவர். ஏற்கெனவே ஏதேனும் மாத்திரை உண்டாரா என்று கேட்டபோது, மனைவி உறுதியாக இல்லையென்றார். கட்டிலில் கிடந்த அவர் விழித்திருந்தும் உண்மையைச் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்தபின் கழிப்பறைக்குப் போய்வருவதே அவருக்கு மலையேற்றமாயிற்று. சங்கச் செயலர் பழங்களோடு வந்து, அவர் இடத்துக்கு வேறொருவரை எடுத்துவிட்டதைத் தரையைப் பார்த்தபடி சொல்லிவிட்டுப் போனார். எடுக்காமல் இருந்திருந்தாலும் அவரால் வாசற்படியைத் தாண்டியிருக்க முடியாது.

மகள் வேலையை விட்டுவிட்டு வந்தாள். தந்தைக்கு மருந்து கொடுப்பாள், உடம்பு துடைப்பாள். ஆனால், அவர் முகத்தைப் பார்க்கமாட்டாள். ஒருநாள் மாடிப்படியில் என் கையைப் பற்றிக்கொண்டாள்.

"நான்தான் டீச்சர். அவர் பாட்டுக்கு இருந்தாரு. பட்டையக் கட்டிவிட்டு, ஓடு ஓடுன்னு விரட்டினது நான்."

நான் சொன்ன சமாதானங்கள் எவையும் அவள் காதில் ஏறவில்லை. அவள் தாயும் மறுத்து ஒரு சொல் சொல்லாதது வீட்டை மேலும் இறுக்கியது.

கோடை பிறந்ததும் காலில் நீர் கோத்து, மூச்சு முட்டி, மீண்டும் அவரை மருத்துவமனையில் சேர்த்தார்கள். நான் பார்க்கச் சென்ற பிற்பகலில் மருத்துவர் வந்தார். மகள் சுவரைப் பார்த்து நின்றாள். மருத்துவர் திரும்பும்போது அவர் அந்த வெள்ளை அங்கியைப் பற்றினார். சொற்கள் ஒவ்வொன்றாக, மூச்சுக்கு மூச்சு வந்தன.

"டாக்டர்... நான் பிரஷர் மாத்திரை போட்டுட்டிருந்தேன். ரொம்ப நாளா. யாருகிட்டயும் சொல்லல. எம் பொண்ணுக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா ஓட விட்டிருக்கமாட்டா."

மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். மகள் திரும்பவில்லை. அவர் அங்கியை விடவில்லை.

"நான் சொன்னா நம்பமாட்டா டாக்டர், அவளுக்காகச் சொல்றேன்னு நினைப்பா. நீங்க படிச்சவங்க. தப்பு யாரு மேலன்னு, அவ காதுல விழுற மாதிரி நீங்களே சொல்லிட்டுப் போங்க."