மணி அடிக்காத சனிக்கிழமை

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷங்கள் தள்ளிப்போட்டேன். உலையில் சோறு கொதிக்கும்போது மனதுக்குள் முதல் வரி ஓடும். வடித்து இறக்குவதற்குள் பயம் வந்துவிடும். நான் எட்டாவது வரை படித்தவள். தப்பும் தவறுமாக எழுதிவிடுவேனோ என்ற பயம் ஒன்று. அம்மா உயிரோடு இருக்கும்வரை இதை வெளியே சொல்ல எனக்கு உரிமை கிடையாது என்பது இன்னொன்று.

அம்மா போன வருஷம் ஆண்டவரிடம் போய்ச் சேர்ந்தார். அதற்கப்புறம் எங்கள் பங்குக் கோயில் வாட்ஸ்அப் குழுவில் யாரோ, சின்ன வயதில் எங்களுக்கு நடந்த இந்தச் சம்பவத்தைப் போட்டிருந்தார்கள். அதில் மலைமேல் வெள்ளை உடுப்பில் மாதா நிற்கிறார், சுற்றிலும் வெளிச்சம். பத்துப் பேருக்கு அனுப்பினால் நல்லது நடக்குமாம். மாதா என்னைப் பொறுத்துக்கொள்ளட்டும். அன்றைக்கு நாங்கள் யாரும் மாதாவைப் பார்க்கவில்லை. பார்த்தது என்று ஒன்றுமே இல்லை. கேட்டதுதான்.

எங்கள் ஊர் செஞ்சிக் கோட்டை மலைக்குப் பின்பக்கம். ஊரில் பாதிக்கு மேல் எங்களைப்போல் வேதக்கார, கிறிஸ்தவக் குடும்பங்கள். கோயில் மணி நண்பகலில் அடித்தால் அம்மா அம்மிமேல் மிளகாய் இருந்தாலும் கையை எடுத்துவிட்டு எழுந்து நின்று செபம் சொல்லுவார். நானும் தம்பியும் தெருவில் ஓடிக்கொண்டிருந்தாலும் அதே இடத்தில் நின்று கைகூப்ப வேண்டும். நின்றோமா என்று சாயங்காலம் விசாரணை உண்டு. அதனால் அந்தச் சத்தம் காதில் விழுந்தால் கால் தானாக நின்றுவிடும்.

நான் சொல்லும் நாள் பெரிய வெள்ளிக்கு மறுநாள், சனிக்கிழமை. ஆண்டவர் கல்லறையில் இருக்கும் நாள். பெரிய வியாழன் பூசையோடு மணி ஓய்ந்துவிடும். அப்புறம் சனிக்கிழமை ராத்திரி உயிர்ப்புத் திருவிழிப்பில்தான் அடிப்பார்கள். அதுவரைக்கும் மரக்கட்டையைத் தட்டித்தான் சனங்களைக் கூப்பிடுவார்கள்.

அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, பெங்களூரில் பேக்கரி வேலை. ஈஸ்டருக்கு மட்டும் வருவார். வந்தால் எங்களுக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும். அம்மா மட்டும் சிரிக்கமாட்டார். மாமாவுக்குச் சோறு போட்டுத் தட்டைக் கீழே வைத்துவிட்டுப் போய்விடுவார். அது அக்கா தம்பிக்குள் உள்ள மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அன்று காலையில் நைனா பந்தல் வேலைக்குக் கோயிலுக்குப் போயிருந்தார். அம்மா சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார். மாமா வாசலில் நின்று கேட்டார்.

"யக்கா, புள்ளைங்கள மலைப் பக்கம் இட்டுனு போய்ட்டு வரட்டா?"

"ஆண்டவரு கல்லறையில இருக்காரு. ஒங்களுக்கு மலை கேக்குதா?"

"கல்லறைக்குக் காவல் வேணும்ல? அதுக்குத்தான் போறோம்."

நானும் தம்பியும் சிரித்தோம். அம்மா மட்டையைச் சுண்ணாம்பு வாளியில் போட்டார். "வேணாம்டா. ஒனக்குத் தெரியாதா?"

கரண்டு போன மாதிரி மாமாவின் முகத்தில் சிரிப்பு அணைந்தது. தம்பி விடவில்லை. தரையில் உருண்டு புரண்டு வாளியை உதைக்கப் பார்த்தான். கடைசியில் அம்மா என்னைப் பார்த்து, மாமாவைப் பார்க்காமல், "சொனைப் பக்கம் போவக் கூடாது. பொழுது சாயறதுக்குள்ள வந்துடணும்" என்றார்.

பங்குனி மாதத்தில் மலையடிவாரம் அத்தனை அழகு. புங்க மரங்கள் பழைய இலையெல்லாம் கொட்டிவிட்டு, எண்ணெய் தேய்த்துக் குளித்த குழந்தைபோல் புதுத் தளிரில் பளபளக்கும். அடியில் பொரி இறைத்ததுபோல் பூ கிடக்கும். காற்றில் வேப்பம்பூ வாசம். மாமா கொடுக்காப்புளி உலுக்கினார். நாங்கள் பொறுக்கிப் பொறுக்கித் தின்றோம், தொண்டை கரகரத்தது. பிறகு பாறைச் சரிவில் பனைமட்டைமேல் உட்கார்ந்து சறுக்கினோம். மாமாவும் சறுக்கினார்.

"மாமா, பிரேக்கு இல்ல!" என்று தம்பி கத்தினான்.

"கீழ முள்ளு இருக்குதுல்ல, அதாண்டா பிரேக்கு!"

என் பாவாடை கிழிந்தது. அதுகூடத் தெரியவில்லை. இன்றைக்கு ஆண்டவர் கல்லறையில் இருக்கிறார் என்பதை நாங்கள் சுத்தமாக மறந்துபோனோம்.

மத்தியானம் கழிந்திருக்கும். காற்று நின்றுவிட்டது. குறைந்து குறைந்து நிற்கவில்லை, யாரோ கையால் பிடித்து நிறுத்தியதுபோல் நின்றது. கோட்டைச் சுவர்மேல் இருந்த குரங்குகள் குட்டிகளை வயிற்றில் அணைத்துக்கொண்டு ஒன்றன்பின் ஒன்றாக இறங்கிப் போயின. எப்போதும் கத்திக்கொண்டே போகும் குரங்குகள் அன்று ஒரு சத்தமும் போடவில்லை. வெளிச்சம் மஞ்சள் கரைத்த தண்ணீர் மாதிரி ஆனது. கையை நீட்டிப் பார்த்தேன். பாறைமேல் நிழல் விழவில்லை. தம்பி, "யக்கா, என் நெழல காணோம்" என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அப்புறம் ஒரு சொட்டு, சில்லென்று பிடரியில் விழுந்தது. உடனே படபடவென்று ஆலங்கட்டி. தம்பி ஒன்றை எடுத்து வாயில் போட்டு, "ஐசு மாமா, ஐசு!" என்று குதித்தான். வானம் இடித்தது.

"புளியமரத்தாண்ட ஓடுங்க!" என்றார் மாமா.

சரிவுக்குக் கீழே ஒரு புளியமரமும் அதை ஒட்டி ஒரு பனையும் இருந்தன. யாருடைய ஆடுகளோ முன்பே அந்த மரத்தடியில் ஒதுங்கியிருந்தன. தம்பி முன்னால் ஓடினான், நான் நடுவில், மாமா துண்டில் கொடுக்காப்புளியைக் கட்டிக்கொண்டு பின்னால்.

அப்போதுதான் மணி அடித்தது.

எங்கள் கோயில் மணிதான். அந்தக் கனத்த சத்தம் எனக்குத் தெரியாதா? ஒன்று, இடைவெளி, மறுபடி ஒன்று. இடிக்கும் மழைக்கும் நடுவில் அத்தனை நிதானமாகக் கேட்டது. இன்றைக்கு மணி கிடையாதே, நண்பகலும் தாண்டிவிட்டதே என்றெல்லாம் எனக்குத் தோன்றவேயில்லை. கால் நின்றது. கைகூப்பினேன். நிமிர்ந்து பார்த்தால், முன்னால் ஓடிய தம்பியும் எனக்கு முதுகைக் காட்டியபடி நின்றுகொண்டிருந்தான்.

மாமா என்மேல் வந்து மோதினார். "இன்னா நிக்கிறீங்க? ஓடுங்க!"

"மணி அடிக்குது மாமா."

"மணியா? இன்னா மணி?"

அவ்வளவுதான். எல்லாம் வெள்ளையாகிப்போனது. சத்தம் அப்புறம்தான் வந்தது. அது காதில் விழவில்லை, நெஞ்சில் விழுந்தது.

கண் தெரிந்தபோது ஆலங்கட்டி மழைக்குள் பனையின் தலை எரிந்துகொண்டிருந்தது. ஈஸ்டர் ராத்திரி ஏற்றும் பாஸ்கா திரிபோல் எரிந்தது என்று இப்போது எழுதுகிறார்கள். அப்படியெல்லாம் இல்லை. மயிர் கருகும் நாற்றம் அடித்தது. மரத்தடியில் ஆடுகள் எல்லாம் படுத்திருந்தன. ஒன்றின் வாயில் பச்சைத் தழை அப்படியே இருந்தது, கண்ணும் திறந்திருந்தது. எதன் கழுத்திலாவது மணி கட்டியிருக்கிறதா என்று நான் பார்த்தேன். இல்லை.

மாமா தம்பியைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். வீடு வரும்வரை இறக்கவேயில்லை.

வாசலில் அம்மா நின்றிருந்தார். மாமா தம்பியை இறக்கிவிட்டு, உள்ளே வராமல் தாழ்வாரத்துக்கு வெளியே மழையில் நின்றுகொண்டார். நான்தான் மூச்சிரைக்கச் சொன்னேன். மணி அடித்தது, செபம் சொல்ல நின்றேன், அதனால் பிழைத்தோம்.

"மணியா? வியாழக்கெழமையே கயித்த மேல சுத்திக் கட்டியாச்சேடி" என்றார் அம்மா.

நைனா அன்று முழுக்கக் கோயிலில்தான் இருந்தார். கயிறு கட்டினபடியே இருந்தது என்று அவரும் பிறகு சொன்னார். ஊருக்குத் தெரிந்தது இவ்வளவுதான். இதற்கப்புறம் நடந்தது எங்கள் வீட்டுக்குள் நடந்தது.

தம்பி குறுக்கே பேசினான். "நான் மணியெல்லாம் கேக்கலம்மா. அக்கா நில்லுன்னுச்சு, நின்னுட்டேன்."

"பொய் சொல்றாம்மா! நான் வாயே தொறக்கல."

அம்மா அவன் முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்தார். "எந்த அக்காடா?"

எனக்கு அது பைத்தியக்காரக் கேள்வியாகப் பட்டது. அவனுக்கு நான் ஒருத்திதானே அக்கா? தம்பி என்னைக் காட்டக் கையைத் தூக்கினான். பாதியிலேயே இறக்கிவிட்டான்.

"இந்த அக்கா இல்லம்மா. சின்னக் கொரலு. இங்கேர்ந்து வந்துச்சு" என்று தன் இடுப்பு உயரத்தில் கையை வைத்துக் காட்டினான்.

"அவ்ளோ சின்னதுன்னா பாப்பாதானே? ஏன் அக்கான்ற?" என்றார் அம்மா.

"அக்கான்னுதான் தெரிஞ்சுது."

என் முதல் பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தபோதுதான் அம்மா சொன்னார், ஒரே ஒரு தரம். எனக்கு முன்னால் எங்கள் வீட்டில் ஒரு பெண் குழந்தை இருந்திருக்கிறாள். அப்போதுதான் நன்றாக ஓடப் பழகியிருந்தாளாம். மாமா அந்தக் காலத்தில் மீசை முளைக்காத பையன். அவளைத் தூக்கிக்கொண்டு மலைக்குப் போனார். சுனைக்குப் பக்கத்தில் அவளை இறக்கிவிட்டு, "நில்லு, பறிச்சிட்டு வந்துடறேன்" என்று சொல்லி மரம் ஏறினார். அவள் நிற்கவில்லை.

இதெல்லாம் அன்று எனக்குத் தெரியாது. தெரிந்ததெல்லாம் கண்ணால் பார்த்தது மட்டும்தான். அம்மா எழுந்து மழையில் இறங்கிப் போனார். மாமாவின் கையைப் பிடித்து உள்ளே இழுத்து வந்து உட்காரவைத்தார். முந்தானையால் அவர் தலையை அழுத்தி அழுத்தித் துவட்டினார். "காய்ச்ச வந்துடும்டா... காய்ச்ச வந்துடும்டா..." அதையே சொல்லிக்கொண்டிருந்தார். அவ்வளவு பெரிய ஆள், அம்மா மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு தேம்பினார். என் தலையிலும்தான் தண்ணீர் சொட்டியது. என்னை யாரும் துவட்டவில்லையே என்று கோபித்துக்கொண்டு, ஈரப் பாவாடையோடு மூலையில் போய் உட்கார்ந்தேன்.

இதை யாருக்காவது சொல்லத் தோன்றினால் நான் சொன்னபடியே சொல்லுங்கள். மாதாவைச் சேர்க்க வேண்டாம். மணியை எடுத்துவிடவும் வேண்டாம். செத்துப்போன ஆடுகளையும் விட்டுவிடாதீர்கள், அவையும் யாரோ வளர்த்தவை. அந்தக் குரல் யாருடையது என்று நான் எங்கேயும் எழுதவில்லை. அம்மாவும் கண்மூடும்வரை வாய் திறந்து சொல்லவில்லை. நீங்களும் அந்த இடத்தில் ஒரு பெயரும் எழுதாமல் அடுத்தவருக்குக் கொடுங்கள்.