வெடிக்காத தோட்டாவுக்கு ஒரு சீட்டு

எங்கள் வீட்டில் எதுவும் சும்மா கெட்டுப்போய்விட முடியாது. கெட்டுப்போனால் அப்பா அதற்கு ஒரு சீட்டு எழுதுவார். ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலைக் குடியிருப்பில் இருந்தோம். அப்பாவுக்குத் தோட்டாக்களைப் பரிசோதிக்கும் பிரிவில் வேலை. சுடும்போது வெடிக்காமல் போன தோட்டா ஏன் வெடிக்கவில்லை என்று கண்டுபிடித்து எழுதத்தான் அவருக்குச் சம்பளம். அந்தப் பழக்கம் அவரோடு வீட்டுக்கும் வந்துவிடும். கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம் குறை, காரணம், பரிகாரம் என்று மூன்று தலைப்பு போடுவார். குறை: ஸ்டவ் பற்றவில்லை. காரணம்: துளையில் அடைப்பு. பரிகாரம்: பின் கொண்டு குத்தவும். "கொயம்புல உப்பு இல்லன்னாகூட அதுக்கொரு சீட்டு எய்துவாரு" என்று அம்மா பக்கத்து வீட்டில் சொல்லிச் சிரிப்பாள்.

அப்போது எனக்குப் பத்து வயது, அண்ணனுக்குப் பதின்மூன்று. தம்பி பிறந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. அந்தத் தீபாவளிக்குப் பக்கத்து வீட்டுப் பையன் வைத்த ஒரு வெடியில் எங்கள் ஜன்னல் கண்ணாடியே அதிர்ந்தது. எங்களுக்கு வாங்கித் தந்ததோ பாதிக்கு மேல் புஸ்ஸென்று போய்விட்டது. அண்ணனால் இதைத் தாங்க முடியவில்லை. பட்டாபிராம் பக்கம் துப்பாக்கி சுடும் திடலின் ஓரத்தில், மழை பெய்து மண் கரைந்தால் பித்தளைத் தோட்டாக் குப்பிகள் தலைகாட்டும். அவன் அவற்றைப் பொறுக்கிச் சோப்பு டப்பாவில் சேர்த்து வைத்திருந்தான். வெடிக்காத பட்டாசுகளைப் பிரித்து அந்தக் குப்பிக்குள் அடைத்தால் சொந்தத் தோட்டா தயார் என்பது அவன் கண்டுபிடிப்பு. எப்படி அடைத்தோம் என்பதை எழுதமாட்டேன். இதைப் படிக்கிற வீடுகளிலும் பிள்ளைகள் இருக்கலாம்.

மொட்டை மாடியில் மூன்று முறை பற்றவைத்தோம். மூன்று முறையும் திரி கருகியதோடு சரி. திரிதான் மோசம் என்றான் அண்ணன். மருந்து நமுத்துவிட்டது என்றேன் நான். இரண்டு பேரும் முடியைப் பிடிக்காத குறை. கடைசியில், நாட்டிலேயே இதற்கென்று சம்பளம் வாங்குகிற ஆள் வீட்டிலேயே இருக்கும்போது நாம் ஏன் அடித்துக்கொள்ள வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. வேறு வீட்டுப் பிள்ளைகள் இப்படிப்பட்ட காரியத்தை அப்பாவிடமிருந்து ஒளித்திருப்பார்கள். நாங்கள் முறைப்படி அவரிடம் அனுப்பினோம். என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்பதால் நான்தான் எழுதினேன். குறை: தோட்டா மூன்று முறையும் வெடிக்கவில்லை. காரணம்: மருந்து நமுத்துப்போனது. பரிகாரம்: தோட்டா ஸ்டவ்வுக்கு மேலே உள்ள மாடத்தில், பவுடர் டப்பா மூடியில் வைத்துக் காயவைக்கப்பட்டுள்ளது.

அப்பா முதல் ஷிப்ட் முடிந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்ததும் சீட்டை நீட்டினேன். அண்ணன் தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தான். உள்ளே அம்மா காபிக்காக ஸ்டவ்வைப் பற்றவைத்திருந்தாள்; அது இரைந்துகொண்டிருந்தது. சமைக்கும்போது காலால் ஆட்டிவிட வசதியாகத் தம்பியின் தூளியையும் அங்கேயே கட்டியிருந்தாள். அப்பா வழக்கம்போலப் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு படித்தார். முதல் வரியில் லேசாகச் சிரித்தார். மூன்றாவது வரியில் பேனாவை மூடினார். எழுந்து சமையலறைப் பக்கம் இரண்டு எட்டு வைத்து, தினமும் பேசுகிற அதே குரலில் அம்மாவிடம் சொன்னார்:

"இந்தா, உங்கண்ணன் வந்துகினு கீறாரு. கேட்டாண்ட சைக்கிள நிறுத்துறாரு, போய்ப் பாரு. கொயந்தய நான் பாத்துக்கறேன்."

அம்மாவின் அண்ணன், என் மாமா, திருநின்றவூரில் இருந்தார். தம்பிக்குப் பெயர் வைத்த அன்று அப்பாவுக்கும் அவருக்கும் வாய்த்தகராறு. அதிலிருந்து அவர் எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. அம்மா அதை நினைத்து அடிக்கடி மூக்கைச் சிந்துவாள். அண்ணன் வந்திருக்கிறார் என்றதும் அவள் ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு ஒரே ஓட்டமாக வெளியே போனாள். அவள் அப்படி ஓடி நான் பார்த்ததே இல்லை.

அப்பா உள்ளே போய்த் தூளியிலிருந்து தம்பியை எடுத்து வந்து என் கையில் வைத்தார். "வேப்பமரத்தாண்ட போய் நில்லும்மா. நான் கூப்புடுற வரைக்கும் வராத." நான் போய் நின்றேன். ஸ்டவ்வின் இரைச்சல் நின்றது. கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு அப்பா டப்பா மூடியை ஒரு கையால் தள்ளிப் பிடித்தபடி, அடிமேல் அடி வைத்து வெளியே வந்தார். அண்ணன் அப்போதுதான் தண்ணீரோடு திரும்பியிருந்தான். அவனை வாளியைக் கீழே வைத்துவிட்டு விலகிப் போகச் சொல்லி, மூடியோடு அதைத் தண்ணீருக்குள் அமிழ்த்தினார். அதற்குப் பிறகுதான் என்னைக் கூப்பிட்டுவிட்டுப் படியில் உட்கார்ந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

சிறுவயதில் எனக்கு நீதிபதி என்று நினைப்பு. வெடிக்காத பொருளிடம் அரைமணி நேரம் யாரும் போகக்கூடாது என்பது அவர் தீபாவளிக்குத் தீபாவளி எங்களுக்கு ஓதுகிற விதி. அந்த விதியை அவரே மீறிவிட்டார்.

"அரைமணி நேரம் நிக்கலியேப்பா நீ" என்றேன்.

"ஆமாம்மா, தப்புதான். எய்திக்க."

அதற்குள் அம்மா தெருவைப் பார்த்துப் பார்த்துத் திரும்பி வந்துவிட்டாள். "எங்க எங்கண்ணன்?"

"வரல. வேற யாரோ. நான் தப்பா பாத்துட்டேன்."

அம்மாவின் முகம் அப்படியே விழுந்துவிட்டது. தன்னைக் கேலி செய்துவிட்டார் என்று நினைத்து அழுதாள். அப்பா வாளியைக் காட்டி விஷயத்தைச் சொன்னதும் அழுகையை நிறுத்தி, என்னிடமிருந்து தம்பியைப் பிடுங்கிக்கொண்டாள். பிறகு எனக்கும் அண்ணனுக்கும் கிடைத்த அடியைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. அது நியாயமான அடி. மறுநாள் சோப்பு டப்பா குப்பிகளை அப்பா தானே கொண்டுபோய் ஆபீசில் ஒப்படைத்து, மெமோ வாங்கிக்கொண்டு வந்தார். அதற்காக எங்களை ஒரு வார்த்தை திட்டவில்லை.

ஆனால் நான் அவரோடு பேசவில்லை. அடி வாங்கியதற்கோ குப்பிகள் போனதற்கோ இல்லை. பொய்யே சொல்லாத மனிதர் அம்மாவிடம் பொய் சொன்னார். அதுவும் அவள் எதற்காக ஏங்கினாளோ அதையே எடுத்துச் சொன்னார். இவ்வளவு கல்நெஞ்சமா என்று ஆறு நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை அப்பா ரயிலேறித் திருநின்றவூர் போய், தானே முதலில் இறங்கிப் பேசி, மாமாவைக் கையோடு அழைத்து வந்தார். அம்மா வடை சுட்டாள். பொய்க்குப் பரிகாரம் செய்துவிட்டார் என்று நானும் மன்னித்து, அவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டேன்.

எவ்வளவு பெரிய மனது எனக்கு. அந்தப் பொய் எதற்கு என்று அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை. பல வருஷம் கழித்து அது எனக்குப் புரிந்த அன்று, என் மகள் உள்ளே தூங்கிக்கொண்டிருக்க, சமையலறையில் காஸ் நாற்றம் அடித்தது. யாரோ என்னை வெளியே போ என்று கத்தினார்கள். நான் வெளியே போகவில்லை, உள்ளேதான் ஓடினேன். உண்மையைச் சொல்லியிருந்தால் அம்மாவும் தூளியைப் பார்த்துத்தான் ஓடியிருப்பாள். அது அப்பாவுக்குத் தெரியும். அவளை வாசல் வரை ஓடவைக்கிற சொல் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதைச் சொல்லி அனுப்பிவிட்டு, உள்ளே அவர் போனார்.