தொப்பிக்குக் கீழே ஒரு பொட்டு

எங்கள் அச்சகத்திலிருந்து எந்தப் பெண்ணும் பொட்டில்லாமல் வெளியே போனதில்லை. மத்தாப்புப் பெட்டியில் சிரிக்கிற பெண்ணானாலும், காலண்டரில் குடத்தோடு நிற்கிற பெண்ணானாலும், நெற்றியில் நான் சிவப்பாக ஒன்று வைத்த பிறகுதான் மெஷின் ஓடும். ஒருமுறை பொட்டில்லாத லேபிளைப் பார்த்துவிட்டுச் சாத்தூர்க்காரர் ஒருவர் லோடையே திருப்பி அனுப்பினார். அன்றிலிருந்து அது சட்டம். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். சுவர் விளம்பரம் எழுதிய கையை மவுஸுக்குப் பழக்கி அங்கே ஒரு நாற்காலி பிடித்திருந்தேன்.

பட்டாசு சீசனில் ஒரு டிராயிங் டீச்சர் காலண்டர் ஆர்டர் கொடுத்தார். முதலாளியிடம் என்ன சொன்னாரோ தெரியாது. பெண்கள் வந்தால் நான் கம்ப்யூட்டர் திரைக்குப் பின்னால் குனிந்துகொள்வேன். படம் மெயிலில் வந்தது. பழைய காலத்து வெள்ளைக்காரப் பிள்ளை. தோள்வரை சுருட்டை முடி, கழுத்தில் லேஸ், தலையில் தொப்பி, கையில் வரைகிற குச்சி. அம்புட்டு அழகில் நெற்றி மட்டும் மூளியாக இருந்தது. பொட்டு வைத்தேன். காதும் வெறுமையாகத் தெரிந்ததால் ஒரு ஜிமிக்கியும் போட்டுவிட்டேன்.

டீச்சர் வந்தபோது மொத்த ஆர்டரும் அச்சாகிக் காய்ந்துகொண்டிருந்தது.

"ஏலே, இங்கன வா!" என்று முதலாளி கத்தினார்.

"இது யாருன்னு தெரியுமாண்ணே?" என்று டீச்சர் என்னிடம் கேட்டார்.

"பொம்பளப் புள்ள, டீச்சர்."

"பையன். இவனோட அக்கா வரைஞ்சது. பிரான்சுல, இருநூறு வருசத்துக்கும் முன்னால. அவளுக்கு அப்ப இருபது வயசுகூட ஆகல."

முதலாளி முந்திக்கொண்டார். "கம்ப்யூட்டர் தானா வெச்சிருக்கும் டீச்சர். வைரஸு."

"வைரஸு இல்ல டீச்சர். நாந்தேன் வெச்சேன்."

"அப்ப நாளைலருந்து நீ கட்டிங்ல நில்லு," என்றார் முதலாளி. "அங்கன வெறும் பேப்பருதான். பொட்டு வைக்க மூஞ்சி கிடையாது."

நாற்காலி போயிற்று என்று தெரிந்ததும் வாய் உளறியது. "பொம்பளைக நெத்தி மூளியா இருந்தா நல்லாருக்காதுன்னுதான், டீச்சர்..."

சொல்லிக்கொண்டே நிமிர்ந்தேன். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு பெண் கஸ்டமரின் முகத்தைப் பார்த்தேன். டீச்சர் சர்ச்சுக்குப் போகிறவர். நெற்றி துடைத்து வைத்த சிலேட்டு மாதிரி இருந்தது.

மெஷின்மேன் இருமினார். முதலாளி மின்விசிறியைப் பார்த்தார்.

"எனக்கும் ஒண்ணு வெச்சிருவமா?" என்ற டீச்சர், சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு முதலாளியிடம், "நாளைக்கழிச்சு ஸ்கூல்ல ஓவியக் கண்காட்சி, அதுக்குத்தான் இந்தக் காலண்டரு. வேற ஆளுகிட்ட குடுக்காதீக. வெச்சவுகளே எடுக்கட்டும்," என்றார்.

மெயிலில் பழைய படம் அப்படியே இருந்தது. ஒரு நிமிட வேலை. டீச்சர் பக்கத்தில் நின்றதால் அரை மணி நேரம் ஆனது.

"எம்புட்டு நேரம் அசையாம நின்னானோ, பாவம்," என்றார் அவர்.

"அக்கா சொன்னா நிக்கணும்ல டீச்சர். நானும் தம்பிதான்," என்றேன். பெண்களிடம் நான் அவ்வளவு நீளமாகப் பேசியதேயில்லை.

லேபிள் வேலையை நிறுத்திவிட்டுக் காலண்டரை மறுபடி ஓட்டினார்கள். நாற்காலி தப்பியது. "இனிமே ஆம்பளையா பொம்பளையான்னு கேட்டுட்டு வைலே," என்று சட்டத்தில் மட்டும் ஒரு திருத்தம் வந்தது. வீணான தாள்கள் வெடிக்குக் குழாய் சுற்றப் போயின.

தீபாவளிக்கு மறுநாள் வீட்டு வாசலைப் பெருக்கினேன். வெடிக் குப்பைக்குள் ஒரு துண்டு கிடந்தது. தொப்பியின் ஓரம், பாதி நெற்றி, முழுப் பொட்டு. ஓரம் மட்டும் கருகியிருந்தது. யாரும் பார்க்கிறார்களா என்று பார்த்துவிட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

பொட்டு பொருத்தமாகத்தான் இருந்தது.