சந்தைக்குள் வராத ஆட்டோக்காரர்

குற்றால சீசனுக்குப் போயிருந்தபோது எங்களுக்கு வாய்த்த ஆட்டோக்காரருக்கு அறுபது வயதிருக்கும். முறுக்கிய வெள்ளை மீசை. பதில் சொல்லப் பிடிக்காவிட்டால், தோளில் கிடக்கும் துண்டை எடுத்து வண்டிக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்துவிடுவார்.

ஊர் திரும்பும் நாள் காலையில், காய்கறி வாங்கச் சுரண்டைச் சந்தைக்குப் போகலாம் என்றேன்.

"தென்காசி உழவர் சந்தை பக்கம்லா? அங்கனயே எல்லாம் கெடைக்கும்."

"நேத்தே அங்க போயாச்சு, அண்ணாச்சி."

"அப்பம் பாவூர்சத்திரம் போவோம். அது இன்னும் பெருசு."

என் மனைவி சுரண்டைதான் என்று பிடிவாதமாகச் சொன்னாள். துண்டு அவர் கைக்கு வந்தது. இந்த மனிதரின் வண்டியில் ஏன்தான் ஏறினோமோ என்றிருந்தது எனக்கு. சந்தைக்கு வெகு முன்பே வண்டியை நிறுத்திவிட்டார்.

"இங்கன எறங்கிக்கிடுங்க. உள்ள வர மாட்டேன்."

நாங்கள் வாங்கிக்கொண்டு திரும்பியபோது பைக்குள் எட்டிப் பார்த்தார்.

"கத்தரிக்கா யார்ட்ட வாங்குனிய?"

"வாசல்ல கைக்குழந்தையோட ஒரு பொண்ணு வித்துட்டிருந்தா" என்றாள் மனைவி.

துடைத்த கண்ணாடியையே மறுபடியும் துடைத்தார்.

"எம் மவதான். சொல்லாமக் கொள்ளாமக் கட்டிக்கிட்டுப் போயிட்டா. பேச்சுவார்த்த கெடையாது."

வண்டியைக் கிளப்பப் போனவர் கையை எடுத்துவிட்டார். எங்களைப் பார்க்காமலே கேட்டார்.

"பிள்ள ஆணா, பொண்ணா?"

ஒவ்வொரு கத்தரிக்காயையும் புழு இருக்கிறதா என்று புரட்டிப் புரட்டிப் பார்த்துத்தான் வாங்கியிருந்தோம். குழந்தையைப் பார்க்கவில்லை.