கயிறு கட்டிய முன் சீட்டு

அன்னக்கா போய்விட்டார் என்று ஞாயிறு வகுப்பின் வாட்ஸப் குழுவில் செய்தி வந்தது. அதற்கு நேர் மேலே நான் போட்ட கிண்டல் படமும், அவர் அனுப்பிய சிரிப்புப் பொம்மையும். நமக்கு அவர் கடைசியாக அனுப்பியது அதுதான்.

வகுப்புக்கு வந்த பெரியவர்களே, உங்களுக்குத் தெரிந்த கதைதான். போடியில் பழைய ஏலக்காய்க் கிட்டங்கியை அருங்காட்சியகமாக்கி, அதில் பெரியவர்களுக்கு மனித உரிமை வகுப்பு நடத்தினார். தூங்குவதும் மனித உரிமைதான் என்று என் அப்பா கடைசி வரிசையில் நிலைநாட்டுவார். அவரை எழுப்பத்தான் என்னையும் வரச் சொன்னார் அக்கா.

அங்கே அவருக்குப் பிடித்த பொருள் ஒரு ஜீப்பின் முன் சீட்டு. முன்பெல்லாம் போடிமெட்டு ஏறும் எஸ்டேட் ஜீப்பில், பின்னால் பெண்கள் நெருக்கியடித்து நிற்க, அந்தச் சீட்டு காலியாகவே போகுமாம். இன்ன தெருக்காரர்கள் அதில் உட்காரக் கூடாது. அதே ஜீப்பில் வேலைக்குப் போய்வந்த அக்காவின் அம்மா கடைசிவரை உட்கார்ந்ததில்லை. வகுப்புக்கு வரும் ஒவ்வொருவரையும் அக்கா அதில் உட்காரவைப்பார். "இப்ப எந்திரின்னு ஒருத்தர் சொன்னா எப்பிடி இருக்கும், சொல்லுங்க" என்பார். பதில் வராமல் விடமாட்டார்.

ஒருமுறை அதன்மேல் 'முன்பதிவு செய்யப்பட்டது' என்று அட்டை எழுதி வைத்தேன். வந்தவர்கள் எல்லாரும் வாய் திறக்காமல் சுற்றிக்கொண்டு போனார்கள். அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். "அடி வாயாடி, யாருக்குன்னு ஒருத்தராச்சும் கேட்டாகளா பாரு!" அன்று முதல் அட்டையும் பாடமாகிவிட்டது.

இரங்கல் கூட்டத்தில் நீங்கள் அந்தச் சீட்டில் அக்காவின் படத்தை வைத்து, மாலை போட்டு, சுற்றிலும் கயிறு கட்டினீர்கள். "அக்கா என் கண்ணைத் திறந்தார்" என்று ஆளுக்கு ஆள் பேசினீர்கள். மலையிலிருந்து இறங்கி வந்து, நாற்காலி கிடைக்காமல் சுவரோரம் நின்ற அவர் தங்கை முத்தம்மா அந்தத் திறந்த கண்களில் படவில்லை.

"சித்தி, அந்தச் சீட்டுல உக்காருங்க" என்றேன்.

"ஆத்தாடி, கயிறு கட்டியிருக்குல்ல. நான் நின்னுக்கிறேன், பழக்கந்தேன்."

குழுத் தலைவர் வேகமாக வந்தார். "பாப்பா, அது அக்கா நெனப்பா வச்சது. இனிமே அதுல யாரும் உக்காரக் கூடாது. ஒஞ் சேட்டைய வேற எங்கயாச்சும் வச்சுக்க."

"அந்தக் காலத்து ஜீப்புக்காரரும் இதத்தான பெரியப்பா சொன்னாரு?"

அடுத்தவரைப் பேசக் கூப்பிட அவர் மேடைக்குப் போய்விட்டார். நானே கயிற்றை அவிழ்த்தேன், படத்தைச் சுவரில் மாட்டினேன். முத்தம்மா சீட்டின் நுனியில் உட்கார்ந்தார். யார் எழுப்புவார்களோ என்று கடைசிவரை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் போனேன். படம் மறுபடியும் சீட்டில். கயிறு இன்னும் இறுக்கமாக.

அக்காவின் நினைவாக நான் எடுத்துக்கொண்டது அந்த 'முன்பதிவு' அட்டை மட்டும்தான். வரும் ஞாயிறு அதைக் கயிற்றில் தொங்கவிடப் போகிறேன். இந்த முறையாவது, யாருக்கு என்று ஒருவர் கேளுங்கள்.