நாலரை மணிக்கு ஒரு கை

எழுதத் தெரிந்தவன் என்பதால் மூன்று அமைப்புகள் என்னைச் செயலாளராக்கின: தாழ்வுபாட்டில் ஒரு மீனவர் சங்கம், உயிலங்குளத்தில் ஒரு வாசிகசாலை, விடத்தல்தீவில் கண்டல் மரம் நடும் குழு. எதையும் வீண் என்று சொல்லிவிட்டு வர முடியாது. களைப்பில் பாதி அதனால்தான்.

இந்த வருடத் தொடக்கத்தில் மனைவிக்குப் பாரிசவாதம் வந்து வலக்கை செயலிழந்தது. முதல் மாதங்களை விட்டுவிட்டால் கை திரும்புவது கடினம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். தினமும் பின்னேரம் நாலரைக்கு அவள் ஈரத்துணியைப் பிழிய வேண்டும். நான் மணிக்கட்டைத் தாங்க வேண்டும். கூட்டங்களும் பின்னேரத்தில்தான்.

நான் பத்திரிகையில் பக்கம் போட்டவன். முதற்பக்கத்துக்கு எது, உள்பக்கத்துக்கு எது என்று பிரித்தே பழகியவன். வேலைகளை ஒரு தாளில் வரிசைப்படுத்தினேன். இறங்குதுறை கேட்கும் மனு முதலாவது, கண்டல் இரண்டாவது, வாசிகசாலை மூன்றாவது. அந்தத் தாளில் அவளுடைய கை இல்லை. வீட்டை நான் செய்தியாகவே எண்ணவில்லை போலும்.

ஒரு கிழமையில் நான்கு நாள் ஆறு மணிக்குப் பிறகுதான் வீடு வந்தேன். நான்காம் நாள், நனைத்து வைத்த துணி கிண்ணத்திலேயே காய்ந்திருந்தது. அவள் இடக்கையால் அதைக் காட்டி, சொல்லை இழுத்து இழுத்துச் சொன்னாள்:

"இந்தக் கையையும் ஒரு சங்கமாப் பதிவு செய்வம். நீங்கள்தான் செயலாளர். அப்பவாவது நேரத்துக்கு வருவியள்."

சிரித்தாள். வாயின் ஒரு பக்கம் மட்டும் சிரித்தது.

மறுநாள் காலை மூன்று விலகல் கடிதங்கள் எழுதினேன். மீனவர் சங்கத் தலைவர் மோட்டார் சைக்கிளில் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"நீங்கள் விட்டா மனுவை ஆர் எழுதுறது, அண்ணை?"

"நீங்களே எழுதுங்கோ."

"எனக்குக் கிழிஞ்ச வலை பொத்தத்தான் தெரியும்."

உள்ளே கதிரையில் இருந்தபடி மனைவி கேட்டாள்: "தம்பி, எங்கட சங்கத்துக்கு ஆள் காணாது. சேருறீங்களோ?"

அவர் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்.

மனுவை அவரே எழுதினார். பிரதியைப் பார்த்தேன். முதல் பந்தி முழுவதும் வணக்கம். இரண்டாம் பந்தியில்தான் இறங்குதுறை வந்தது. அரசாங்கக் கந்தோரிலிருந்து இன்னும் பதில் இல்லை. நான் எழுதியிருந்தால் வந்திருக்குமா, தெரியாது. இடுப்பளவு நீரில் நின்றுதான் இன்றும் மீன் இறக்குகிறார்கள். அந்த நினைப்பை எந்தப் பக்கத்திலும் போட முடியவில்லை.

நாலரை. மணிக்கட்டைத் தாங்குகிறேன். போன மாதம் துணியிலிருந்து ஒரு சொட்டும் விழவில்லை. இன்று கிண்ணத்தின் அடி நனைந்தது.