ஒரு மரத்துக்கு மட்டும் ஏன் புடவை?

சைதாப்பேட்டை கோர்ட் வாசலில் அப்போதுதான் டீயைக் கையில் வாங்கியிருந்தேன். எங்கள் குமாஸ்தா கபாலியிடமிருந்து போன். "சார், பிலோமினா மேடம் பூட்டாங்க சார். தூக்கத்துலயே." எனக்கு முதலில் வந்தது துக்கமல்ல, கோபம். புளியமர வழக்கைப் பாதியில் விட்டுவிட்டு இந்த அம்மா எப்படிப் போகலாம்?

ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரே அறையில் இரண்டு மேசை போட்டு நானும் மேடமும் வக்கீல் தொழில் பார்த்தோம். அவரைத் தெரிந்தவர்களுக்கு அவருடைய கேள்வியும் தெரியும். எந்த வீட்டுக்குப் போனாலும் நாற்காலியைத் தட்டிப் பார்த்து, "இது என்ன மரம்?" என்பார். ஒரு நீதிபதியிடமே அவருடைய மேசையைக் காட்டிக் கேட்டுத் தொலைத்தார். "தேக்காம்" என்று வெளியே வந்து என்னிடம் பூரித்தபோது, தலையில் அடித்துக்கொண்டேன்.

உத்திரமேரூர் பக்கம் ஒரு கிராமம். சாலையை அகலப்படுத்த, இரு பக்கமும் நிற்கும் புளியமரங்களை வெட்டுவதாக இருந்தார்கள். ஊர்க்காரர்களுக்காக மேடம் வழக்குப் போட்டு இடைக்காலத் தடை வாங்கினார். ஊர் சும்மா இருக்குமா? தடையை நம்பாமல், ஊர் முனையிலிருந்த பெரிய மரத்துக்கு மஞ்சள் புடவை சுற்றி, சூலம் நட்டு, அம்மனாக்கிவிட்டார்கள். காண்டிராக்டருக்கு ஒரே குஷி. "சாமி மரத்தை விட்டுடறோம். வழக்கை வாபஸ் வாங்குங்க, மத்ததை வெட்டிக்கறோம்" என்றார். ஊரில் பாதிப் பேர் தலையாட்டிவிட்டார்கள்.

மேடம் என்னையும் இழுத்துக்கொண்டு ஓடினார். மரத்துக்குப் புடவை சுற்றிய அஞ்சலை என்ற ஊர்க்காரப் பெண் அதன் முன்னால் வந்து நின்றார்.

"நீங்க வேதக்காரங்க. எங்க அம்மன் மேல கை வெப்பீங்களா?"

மேடம் சாந்தோமில் மாதா கோயில் மணிச் சத்தத்தில் வளர்ந்தவர். ஒரு வார்த்தை பிசகினால் வழக்கும் போச்சு, மரமும் போச்சு.

"கை வெக்க மாட்டேம்மா. தெரிஞ்சுக்கத்தான் கேக்கறேன். அம்மன் இந்த ஒரு மரத்துலதான் இருக்காளா?"

"அதெப்படி? எல்லாத்துலயும்தான் இருக்கா."

"அப்ப ஒண்ணுக்கு மட்டும் ஏன் புடவை?"

அஞ்சலை மரத்தைப் பார்த்தார். சாலை நெடுக நின்ற மற்ற மரங்களைப் பார்த்தார். கற்பூரம் ஏற்றி, கன்னத்தில் போட்டுக்கொண்டு, தானே முடிச்சை அவிழ்த்தார். "எல்லாத்துக்கும் கேஸ் நடத்துங்க" என்றார். வாபஸ் பேச்சு அன்றோடு நின்றது.

திரும்பும்போது காரில் கேட்டேன். "இந்த ஒண்ணுலதான் இருக்கான்னு அவங்க சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க மேடம்?"

"தெரியாது. தெரியாததாலதானே கேட்டேன்."

பதில் தெரியாத கேள்வியைச் சாட்சியிடம் கேட்காதே என்று படித்து வந்தவன் நான். அன்று முழுக்க எனக்கு எரிச்சலாக இருந்தது. இப்போது நினைத்தால் பொறாமையாக இருக்கிறது.

அடக்கத்தன்று என்னை அறியாமல் அவருடைய பெட்டியைத் தட்டி, பெட்டிக்காரரிடம், "இது என்ன மரம்?" என்று கேட்டேன்.

"பிளைவுட் சார். இப்பல்லாம் மரம் எங்க சார் கீது?"

சிரிப்பு வந்தது. கூடவே அழுகையும் வந்துவிட்டது. ஊரிலிருந்து பஸ் பிடித்து வந்திருந்த அஞ்சலை பக்கத்தில் வந்து நின்றார். "இனிமே எங்க மரத்துக்கு யாரு சார்?"

"நான் நிக்கிறேம்மா."

"ஜெயிச்சிடுவீங்களா?"

எந்தக் கட்சிக்காரர் கேட்டாலும் கூசாமல் "கண்டிப்பா" என்று சொல்லிப் பழகிய வாய் இது. "தெரியாதும்மா" என்றேன்.

அஞ்சலை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அந்தம்மாவும் இதேதான் சொல்லும்."

மேடத்திடமிருந்து எனக்கு வந்தது அந்த ஒரு சொல்தான். அதை வைத்துக்கொண்டு அடுத்த வாய்தாவுக்கு நிற்கப்போகிறேன்.